நத்தார் இரவில் இருந்த உறுதி 27 ஆம் திகதி எங்கே போய்விடுகிறது?

கேள்வி: கொட்டாஞ்சேனைவாசி

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண், பாடசாலை ஆசிரியை, எங்கள் பங்கின் பாடகர் குழாமில் சிறுவயது முதல் பாடி வருகிறேன். கடந்த ஒக்டோபர் மாதம் என் அப்பா காலமானார். சாவு நடந்த வீட்டில் அந்த ஆண்டு பலகாரம் சுடுவதில்லை என்ற வழக்கப்படி இம்முறை எங்கள் வீட்டில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. வாசலில் நட்சத்திரமும் கட்டவில்லை. ஆனாலும் பாட்டை விட்டு ஒதுங்கி நிற்க மனம் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் போகச் சொல்லியிருப்பார் என்று அம்மாவே என்னை அனுப்பி வைத்தார்.

நத்தார் இரவுத் திருப்பலியில், நத்தாருக்கு முந்தைய திருவருகைக் காலம் முழுவதும் பாடாமல் வைத்திருந்த ‘உன்னதங்களிலே’ கீதத்தை நாங்கள் தொடங்க, மணிகள் ஒலித்துக் குடிலின் திரை விலகிய அந்த நேரத்தில், கடவுள் எங்களோடு இருக்கிறார் என்பதிலும் அப்பா அவரிடம் இருக்கிறார் என்பதிலும் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை.

27 ஆம் திகதி காலையில் அந்த உறுதி இல்லை. சிறிது சிறிதாகக் குறைந்து போனதாகவும் தெரியவில்லை. எழுந்து பார்த்தபோது அது இல்லை. குசினியில் அயலவர்கள் அனுப்பிய தட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. மேல்மாடியிலுள்ள சைவக் குடும்பமும், எதிர்வீட்டு முஸ்லிம் குடும்பமும், மூலை வீட்டுச் சிங்கள அம்மாவும் எங்கள் வீட்டில் எதுவும் சுடவில்லை என்பதை அறிந்து கேக்கும் கொக்கிஸும் முறுக்குமாக அனுப்பியிருந்தார்கள். வெறுந்தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி சீனியைப் போட்டுக் கடதாசியால் மூடிக்கொண்டிருந்தபோதுதான் இந்தக் கேள்வி எழுந்தது. அவர்களும் நத்தாரன்று மனமார மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சிக்கு இயேசு பாலனில் விசுவாசம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. அப்படியானால் அந்த இரவில் எனக்குள் இருந்தது விசுவாசமா, அல்லது விளக்கும் இசையும் சாம்பிராணிப் புகையும் கூட்டமும் சேர்ந்து உண்டாக்கிய வெறும் மனக்கிளர்ச்சியா? கிளர்ச்சிதான் என்றால், அப்பாவைப் பற்றி அன்றிரவு எனக்குக் கிடைத்த ஆறுதலும் அதோடு சேர்ந்து பொய்யாகிவிடுமே.

பங்குத்தந்தையிடம் கேட்கலாம். ஆனால் இந்த நாட்களில் அவர் மூச்சுவிட நேரமின்றி ஓடித் திரிகிறார். தவிரவும், ஞாயிறு மறைப்பாடசாலையில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நானே இப்படிக் கேட்பதற்குக் கூச்சமாக இருக்கிறது. எனவே இங்கே கேட்கிறேன். நத்தார் முடிந்து புத்தாண்டு வரையிலான நாட்களை நீங்கள் எப்படிக் கடக்கிறீர்கள்? எதை வாசிக்கிறீர்கள்? போன உறுதி திரும்பி வருமா, அது வராமலே விசுவாசத்தில் நிலைத்து நிற்க முடியுமா? காலம் ஆற்றும் என்ற பதிலைத் தயவுசெய்து எழுத வேண்டாம். அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், முகத்துவாரம்

மகளே, உங்கள் தந்தையின் ஆன்ம இளைப்பாற்றிக்காக இன்று மாலை செபமாலை சொன்னேன். இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நத்தார் முடிந்து என்று எழுதியிருக்கிறீர்கள். அது முடியவில்லை. புறக்கோட்டைக் கடைகளில் நவம்பர் மாதமே ஒலிக்கத் தொடங்கிய பாடல்கள் 26 ஆம் திகதி நின்றுவிடுவதால் நமக்கும் அப்படித் தோன்றுகிறது. திருச்சபையின் கணக்கில் அன்றுதான் இரண்டாம் நாள். எண்கிழமை என்னும் எட்டு நாளும், அதாவது ஜனவரி 1 ஆம் திகதி மரியா இறைவனின் தாய் என்னும் பெருவிழா வரையில், ஒரே பெருவிழா நீடிக்கிறது. அதன் பின்னரும் ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை கிறிஸ்து பிறப்புக் காலம் தொடர்கிறது. திருவருகைக் காலத்தையே நத்தாராகக் கொண்டாடி முடித்துவிட்டு, உண்மையான நத்தார்க் காலம் வரும்போது களைத்துப் போய்ப் படுத்துவிடுவது நம்மவர்களின் வழக்கமாகிவிட்டது. இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி அலுத்துவிட்டேன்.

இந்த எண்கிழமைக்குள் திருச்சபை எவற்றை வைத்திருக்கிறது என்று பாருங்கள். 25 ஆம் திகதி வெண்ணிற உடையில் நின்ற குருவானவர் மறுநாள் சிவப்பு உடையில் பீடத்துக்கு வருகிறார், ஏனென்றால் அது கல்லெறிந்து கொல்லப்பட்ட முதல் மறைச்சாட்சியான புனித ஸ்தேவானின் விழா. 27 ஆம் திகதி, நீங்கள் தட்டுகளுக்குச் சீனி போட்டுக்கொண்டிருந்த அந்த நாள், திருத்தூதர் யோவானின் விழா. 28 ஆம் திகதி மீண்டும் சிவப்பு: ஏரோதின் வாளுக்கு இரையான மாசில்லாக் குழந்தைகள். 29 ஆம் திகதிக்குரிய நற்செய்தியில், உம்முடைய உள்ளத்தையும் ஒரு வாள் ஊடுருவும் என்று சிமியோன் மரியாவிடம் சொல்கிறார். 30 ஆம் திகதிக்குரியதில், மணமாகி ஏழே ஆண்டுகளில் கணவனை இழந்த அன்னா என்னும் முதியவள், கோவிலை விட்டு நீங்காமல் இரவும் பகலும் நோன்பிருந்து செபித்தவளாக, குழந்தையை வந்து காண்கிறாள். பண்டிகை இரவின் மனநிலையிலேயே மக்களை நிறுத்தி வைக்க விரும்புகிற எவரும் இப்படி ஒரு வாரத்தை அமைத்திருக்க மாட்டார்கள். ஆகவே 27 ஆம் திகதி உங்கள் மனம் கனத்துக் கிடந்ததை வைத்து, பெருவிழாவுக்கு வெளியே போய்விட்டீர்கள் என்று முடிவு செய்யாதீர்கள். அதன் நடுவில்தான் இருக்கிறீர்கள்.

இனி, அது கிளர்ச்சியா விசுவாசமா என்ற கேள்வி. லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்து மெதுவாக வாசியுங்கள். இடையர்களுக்கும் ஒளி கிடைத்தது, பாட்டும் கிடைத்தது. ஆனால் ஒளியையோ பாட்டையோ வானதூதர் அவர்களுக்கு அடையாளமாகக் கொடுக்கவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்தியிருப்பதைக் காண்பீர்கள், அதுவே அடையாளம் என்றார். அதன் பிறகு வானதூதர்கள் அவர்களை விட்டு விண்ணகம் சென்றார்கள் என்று லூக்கா வெளிப்படையாகவே எழுதுகிறார். வானதூதர்கள் போன பின்னர்தான், அந்த இருட்டில், வாருங்கள் பெத்லகேமுக்குப் போவோம் என்று இடையர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்கிறார்கள். அங்கே போய்ச் சேர்ந்தபோது மரியா இருந்தார், யோசேப்பு இருந்தார், தொட்டியில் குழந்தை இருந்தது. நாம் நம் குடில்களில் கூரைக்கு மேல் ஒரு வானதூதரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடுகிறோம். லூக்கா அப்படி யாரையும் அங்கே நிறுத்தவில்லை. இடையர்கள் கண்டது ஓர் ஏழைக் குடும்பத்தை மட்டுமே. ஒளியும் பாட்டும் அவர்களைப் புறப்பட வைத்தன. அவை பொய்யல்ல, ஆனால் அவர்கள் நம்பியது அவற்றையல்ல.

உங்கள் அயலவர்களின் மகிழ்ச்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுடைய மகிழ்ச்சி உங்களுடையதைப் போன்றதாக இருந்தது என்பதால் உங்களுடைய விசுவாசம் ஐயத்துக்குரியதாகிவிடாது. உங்கள் துக்கத்தை அறிந்து தட்டு அனுப்பியவர்களின் அன்பு எங்கிருந்து வருகிறது என்பதில் எனக்கென்று ஒரு கருத்து உண்டு. அதை இங்கே விரித்தால் வேறு விவாதம் தொடங்கிவிடும்.

வாசிப்பதற்குக் கேட்டீர்கள். இந்த எண்கிழமையின் அன்றாட நற்செய்திப் பகுதிகளை மட்டும், நாளுக்கு ஒன்றாக, உரக்க வாசியுங்கள், அம்மாவும் கேட்கட்டும். வேறு நூல் எதுவும் இப்போது வேண்டாம்.

பதில்: வெள்ளவத்தை மெதடிஸ்தன்

உபதேசியார் ஐயா திருவழிபாட்டின் வழியாகச் சொன்னதை எங்கள் சபையின் அனுபவத்திலிருந்து சொல்கிறேன். மீட்பின் நிச்சயம், அதாவது தான் மீட்கப்பட்டிருப்பதாக ஒருவர் உள்ளத்தில் உணரும் உறுதி, எங்களிடையே அதிகமாகப் பிரசங்கிக்கப்படும் விடயம். அதனாலேயே அதிகமானவர்களை வருத்தியதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

1738 மே 24 ஆம் திகதி மாலை, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் வீதியில் நடந்த ஒரு சிறு கூட்டத்தில், ரோமருக்கு எழுதிய நிருபத்துக்கு லூதர் எழுதிய முன்னுரையை ஒருவர் வாசித்துக்கொண்டிருக்கையில், ஏறக்குறைய எட்டே முக்கால் மணியளவில், தம் இருதயம் விநோதமாய் அனல்கொண்டதை உணர்ந்ததாக, எங்கள் மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி தமது நாட்குறிப்பில் எழுதினார். மெதடிஸ்தர்கள் எல்லோருக்கும் இந்த இடம் மனப்பாடம். ஆண்டுதோறும் மே மாதத்தில் பிரசங்க மேடையிலிருந்து இதைக் கேட்கிறோம். ஆனால் அதே நாளின் குறிப்பில் சில வரிகள் கீழே அவர் எழுதியதை நாங்கள் பெரும்பாலும் வாசிப்பதில்லை. சற்று நேரத்துக்குள்ளாகவே, இது விசுவாசமாக இருக்க முடியாது, உன் மகிழ்ச்சி எங்கே என்று சத்துருவாகிய சாத்தான் தம்மிடம் கேட்டதாக அவர் எழுதுகிறார். நீங்கள் கேட்ட அதே கேள்வி, சகோதரி. அதற்கு அவர் கண்ட பதில், விசுவாசத்துக்கு இன்றியமையாதவை சமாதானமும் பாவத்தின் மேல் வெற்றியுமே என்பதும், தொடக்கத்தில் பொங்கி வரும் பேருவகையைக் கடவுள் தமது சித்தப்படி சில வேளைகளில் கொடுக்கிறார், சில வேளைகளில் கொடாமல் வைத்துக்கொள்கிறார் என்பதுமாகும்.

கதை அதோடு முடியவில்லை. எனக்கு ஆறுதல் தருவது இனி வருவதுதான். 1739 ஜனவரி 1 ஆம் திகதி அதிகாலை, பெட்டர் லேன் என்ற இடத்தில் வெஸ்லியும் அவருடைய தம்பி சார்ள்சும் நண்பரான போதகர் வைட்பீல்டும் ஏறக்குறைய 60 பேருடன் இராமுழுவதும் செபத்தில் இருந்தபோது, மூன்று மணியளவில் தேவ வல்லமை தங்கள் மேல் பலமாக இறங்கியதாகவும், பலர் மிகுந்த மகிழ்ச்சியால் சத்தமிட்டதாகவும், பலர் தரையில் விழுந்ததாகவும் அவர் எழுதினார். அதே மாதம் 4 ஆம் திகதிக் குறிப்பைப் புரட்டினால், தாம் இப்போது கிறிஸ்தவனே அல்ல என்று உறுதியாகக் கூறுகிறேன் என்று எழுதியிருக்கிறார். தேவ அன்பும் பரிசுத்த ஆவியினால் வரும் சமாதானமும் மகிழ்ச்சியும் தம்மிடத்தில் இல்லை என்பதே அவர் காட்டும் காரணம். இடையில் மூன்று இரவுகள் மட்டுமே கடந்திருந்தன. அவற்றுக்குப் பின் அவர் வேறு தொழிலுக்குப் போய்விடவில்லை. அதே ஆண்டு வசந்த காலத்தில் பிரிஸ்டலில் திறந்த வெளியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளருக்குப் பிரசங்கிக்கத் தொடங்கினார். அரை நூற்றாண்டு கழித்து, 1791 இல், மரணப் படுக்கையில் அவர் சொன்னதாக அருகில் இருந்தவர்கள் எழுதி வைத்த வார்த்தைகள், எல்லாவற்றிலும் மேலானது, கடவுள் நம்மோடு இருக்கிறார் என்பவை. அந்த உறுதி இடைப்பட்ட ஐம்பது ஆண்டுகளும் ஒரே அளவில் இருந்ததாக அவருடைய நாட்குறிப்பையோ கடிதங்களையோ வாசித்த எவரும் சொல்ல மாட்டார்கள்.

இதனால்தான் புத்தாண்டையொட்டி எங்கள் சபைகளில், கடவுளுக்கு எங்களை மறுபடியும் ஒப்புக்கொடுக்கும் உடன்படிக்கை ஆராதனை நடத்துகிறோம். வெஸ்லி 1755 இல் தொடங்கி வைத்த வழக்கம் அது; 1816 இல் எழுப்பப்பட்ட புறக்கோட்டை ஆலயம் முதல் அண்மையில் கட்டியவை வரை எங்கும் உண்டு. அந்தச் செபத்தில், நீர் என்னை நிறைவாக வைத்தாலும் வெறுமையாக வைத்தாலும் நான் உம்முடையவன் என்ற கருத்தில் ஓர் இடம் வரும். உணர்ச்சி இருந்தால்தான் வாய்திறக்கலாம் என்றால் அந்த வரியை யாரும் சொல்ல முடியாது. கத்தோலிக்கரான நீங்கள் எங்கள் ஆராதனைக்கு வர வேண்டும் என்று சொல்லவில்லை. வந்தால் பின்வரிசையில் இடம் இருக்கும்.

பதில்: இரவுப்பணித் தாதி

இறையியல் எனக்குத் தெரியாது. வைத்தியசாலையில் பணிபுரிகிறவள் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன், தங்கச்சி குறை நினைக்கக் கூடாது.

ஒக்டோபரில் தகப்பனைப் புதைத்திருக்கிறீர்கள். அதற்கு முன்னர் அவர் நோயில் இருந்திருந்தால், நீங்கள் நித்திரை விழித்திருப்பீர்கள். பின்னர் வருடக் கடைசிப் பரீட்சைத் தாள்கள், பாட்டுப் பயிற்சி, கரோல், நள்ளிரவுத் திருப்பலி. 27 ஆம் திகதி உங்கள் உடல் கேட்டது ஓய்வாக இருக்கலாம். உடல் தளர்ந்திருப்பதை விசுவாசம் தளர்ந்ததாக எடுத்துக்கொண்டு மனத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் நோயாளிகளை நான் நிறையப் பார்க்கிறேன். அரசர்கள் முதல் நூலின் 19 ஆம் அதிகாரத்தில், சாக வேண்டும் என்று கேட்டுச் சூரைச் செடியின் கீழ் படுத்துவிட்ட எலியாவுக்கு வானதூதர் முதலில் அறிவுரை சொல்லவில்லை. எழுந்து சாப்பிடு என்றார், அப்பமும் தண்ணீரும் வைத்தார், மறுபடியும் படுக்க விட்டார், இரண்டாம் முறையும் எழுப்பிச் சாப்பிட வைத்தார். ஓரேப் மலையில் கடவுள் பேசியது அதற்குப் பிறகுதான்.

அதனால் நித்திரை கொள்ளுங்கள், ஒழுங்காகச் சாப்பிடுங்கள். பல வாரங்களாக நித்திரை வராமலும், சாப்பாடு இறங்காமலும், எதிலும் பிடிப்பில்லாமலும் இருந்தால் வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். அது விசுவாசக் குறைவு அல்ல. அம்மாவின் நித்திரையையும் கவனியுங்கள். பிள்ளைக்காகத் தாங்கிக்கொண்டிருப்பவர்கள் தம் கஷ்டத்தைச் சொல்ல மாட்டார்கள்.

பதில்: மட்டக்களப்பான்

கொழும்பில் வேலை செய்கிறேன், ஊர் மட்டக்களப்பு. உபதேசியார் ஐயாவின் பதிலில் ஒன்றை மட்டும் மரியாதையுடன் மறுக்க வேண்டியிருக்கிறது.

2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுனாமியாகக் கடல் வந்தபோது நாவலடியில் இருந்த என் பெரியம்மாவின் குடும்பத்தில் யாரும் மிஞ்சவில்லை. நாடு முழுவதும் 30,000 க்கும் அதிகமானோர் இறந்தார்கள். அந்த நாளின் பின்னர், ஸ்தேவானின் விழாவைத் திருச்சபை அந்தத் திகதியில் வைத்திருப்பதில் ஒரு ஞானம் இருக்கிறது என்று யாராவது சொன்னால், எனக்கு அது ஆறுதலாக விழுவதில்லை. ஸ்தேவான் தான் எதற்காகச் சாகிறான் என்று அறிந்திருந்தான். வானம் திறந்திருப்பதைக் கண்டு இறந்தான். பெரியம்மாவின் கடைசிப் பேரனுக்கு அன்று நான்கு வயது. அவன் என்னத்தைக் கண்டான்? எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குள் பொருத்திக் காட்டும் ஆறுதலை நான் அஞ்சுகிறேன். உன்னைக் கடவுள் காப்பாற்றினார் என்று எங்கள் முகாமுக்கு வந்து சொன்னவர்களும் நல்ல மனத்தோடுதான் சொன்னார்கள். என்னைக் காப்பாற்றியவர் அவர்களை ஏன் விட்டுவிட்டார் என்று நான் கேட்டபோது அவர்களிடம் பதில் இருக்கவில்லை.

எனக்கு உதவியது மத்தேயுவின் ஒரு வசனம். அது சொன்னதை விடச் சொல்லாமல் விட்டதுதான் உதவியது என்று சொல்ல வேண்டும். மாசில்லாக் குழந்தைகளின் சாவை எழுதிய இடத்தில் மத்தேயு எரேமியாவின் 31 ஆம் அதிகாரத்தை எடுத்துக் காட்டுகிறார்: இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுதுகொண்டிருக்கிறாள், ஆறுதல் பெற மறுக்கிறாள், ஏனெனில் அவர்கள் இல்லை. எரேமியாவில் இது 15 ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே, அழுகையை நிறுத்து, பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்ற வாக்குறுதி வருகிறது. மத்தேயு அந்த வசனத்தை எடுக்கவில்லை. வேதத்தில் ஊறிய அவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது. பெத்லகேமின் தாய்மார் முன்னிலையில் அதைச் சொல்லாமல், 15 ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ஆறுதல் பெற மறுத்த ஒரு பெண்ணை, அவளைத் திருத்தாமல், கடிந்துகொள்ளாமல், நற்செய்தியின் முதல் ஏட்டுக்குள் அப்படியே இருக்க விட்டிருக்கிறார். அந்த ஏட்டுக்குள் எனக்கும் இடம் இருக்கிறது என்று தோன்றியது. 88 ஆம் திருப்பாடலையும் பாருங்கள்; பெரும்பாலான புலம்பல் பாடல்கள் கடைசியில் நம்பிக்கைக்குத் திரும்பும், இது இருளிலேயே முடிகிறது, ஆனாலும் தொடக்கத்தில் ஆண்டவரை என் மீட்பின் கடவுளே என்றுதான் அழைக்கிறது.

போன உறுதி திரும்பி வருமா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குப் பழையபடி வரவில்லை. 26 ஆம் திகதி காலை 9.25 இலிருந்து 9.27 வரை நாடெங்கும் மௌனம் அனுட்டிக்கிறார்கள் அல்லவா, அந்த இரண்டு நிமிடமும் முடிந்த பின்னர் நான் ஆலயத்துக்குப் போகிறேன். முதல் சில ஆண்டுகள் கடவுளோடு சண்டை பிடிக்கத்தான் போனேன். இப்போது சண்டை குறைந்திருக்கிறது. போவதை மட்டும் நிறுத்தவில்லை. இதற்கு விசுவாசம் என்று பெயர் வைப்பதா என்பதை உபதேசியார் ஐயா சொல்லட்டும்.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், முகத்துவாரம்

தம்பி, தாராளமாக வைக்கலாம். கல்லெறியப்பட்டவரின் சாவையும் கடலில் போன குழந்தையின் சாவையும் ஒன்றாக வைத்துப் பேச முடியாது என்பதை ஏற்றுக்கொள்கிறேன். மத்தேயு அந்த 15 ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொள்வதை இத்தனை ஆண்டு மறைக்கல்வியில் நான் யாருக்கும் இப்படிச் சொல்லிக் கொடுத்ததில்லை, இனிமேல் சொல்வேன்.

கேள்வி கேட்டவர்: கொட்டாஞ்சேனைவாசி

எல்லோருக்கும் நன்றி. தாதி அக்கா சொன்னதை முதலில் செய்தேன். நேற்றுப் பகலில் நெடுநேரம் உறங்கினேன். அம்மா இரவில் உறங்குவதில்லை என்பதும் இப்போதுதான் தெரிய வந்தது. அடுத்த கிழமை இருவருமாக வைத்தியரிடம் போகிறோம்.

வெஸ்லியின் அந்த மூன்று இரவுகளைப் பற்றி வாசித்தபோது என்னையறியாமல் சிரித்துவிட்டேன். 28 ஆம் திகதி நற்செய்தியை அம்மாவுக்கு உரக்க வாசித்தேன். இராகேல் வரும் இடத்தில் நிறுத்தினேன், அம்மா எதுவும் சொல்லவில்லை, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். இடையர்களைப் பற்றி ஐயா எழுதியது என் கேள்வியின் ஒரு பாதிக்குப் போதுமான பதில். அன்றிரவு நான் நம்பியது இசையை அல்ல, இசை என்னைக் கூட்டிச் சென்ற இடத்தில் இருந்தவரை என்று எடுத்துக்கொள்ள முடிகிறது.

ஆனால் மற்றப் பாதி இன்னும் உறுத்துகிறது. ஜனவரி 1 ஆம் திகதித் திருப்பலிக்கு நாங்கள்தான் பாட வேண்டும். அதே ‘உன்னதங்களிலே’. மனத்தில் ஒன்றுமில்லாமல் பீடத்தின் அருகில் நின்றுகொண்டு, நம்புகிறேன், மகிழ்கிறேன் என்று வாயால் பாடுவது பொய் சொல்வதாகாதா? சபையில் பின்னால் நிற்கும் ஒருவர் பாடாமல் இருந்துவிடலாம். முன்னால் நின்று மற்றவர்களைப் பாட வைக்கிறவள் அப்படி இருக்க முடியாது. இதற்கு மட்டும் ஒரு வழி சொல்லுங்கள், ஐயா.

பதில்: ஓய்வுபெற்ற உபதேசியார், முகத்துவாரம்

மகளே, திருப்பலியில் சமாதானம் பகிர்வதற்கு முன்னர் குருவானவர் சொல்லும் செபத்தை எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். எங்கள் பாவங்களைப் பாராமல் உமது திருச்சபையின் விசுவாசத்தைக் கண்ணோக்கியருளும் என்று அவர் வேண்டுகிறார். தமது விசுவாசத்தைக் கண்ணோக்கும்படி குருவானவர் கேட்பதில்லை. கேட்கத் துணிவதில்லை என்றும் சொல்லலாம். பாடகர் குழாம் பாடுவதும் அந்த விசுவாசத்தைத்தான். அன்று காலை உங்கள் மனம் எப்படி இருக்கிறது என்பதைச் சபைக்கு அறிவிப்பதற்காக நீங்கள் அங்கே நிறுத்தப்படவில்லை.

உங்கள் தந்தையின் அடக்கத் திருப்பலியில் யாரோ பாடியிருப்பார்கள். அன்று நீங்கள் பாடியிருக்க முடியாது. பாடியவர்களுள் ஒருவர் வேலைக்கு நேரமாகிறதே என்று நினைத்திருக்கலாம், ஒருவருக்குத் தலைவலி இருந்திருக்கலாம், இன்னொருவர் தம் வீட்டுக் கவலையோடு நின்றிருக்கலாம். உயிர்ப்பைப் பற்றி அவர்கள் பாடியது அதனால் உங்களுக்குப் பொய்யாகிவிட்டதா? உங்கள் வாயால் சொல்ல முடியாததை உங்களுக்காகச் சொன்னார்கள். ஜனவரி 1 ஆம் திகதியும் அந்த ஆலயத்தில் அப்படி யாராவது இருப்பார்கள்.

திருப்பலிக்கு முன்னர் பங்குத்தந்தையை ஐந்து நிமிடம் பிடியுங்கள். ஓடித் திரிகிற குருவானவர்களை இப்படித்தான் பிடிக்க வேண்டும். பாடகர் குழாமின் பொறுப்பாளரிடமும் நிலைமையைச் சொல்லி, தனிக்குரலில் பாடும் வரிகளை இம்முறை வேறொருவருக்குக் கொடுக்கச் சொல்லுங்கள், நீங்கள் குழுவோடு சேர்ந்து பாடுங்கள். நடுவில் தொண்டை அடைத்தால் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் நிற்பவர்கள் பாடிக்கொண்டு போவார்கள்.